மின் ஊசிச் சனிக்கிழமைகள்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது என் தாடைக்கு அடியில் முடி முளைக்கத் தொடங்கியது. சினைப்பையில் நீர்க்கட்டி, அதனால் ஹார்மோன் கோளாறு, அதனால் முடி என்று டாக்டர் சொன்னார். மாத்திரை எழுதித் தந்தார். முடிக்கு என்ன செய்வது என்று கேட்டேன். பார்லருக்குப் போகச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அன்றைக்குக் கையில் எடுத்த, முடி பிடுங்கும் பிளக்கரை நான் பதினைந்து வருடத்துக்கும் மேலாகக் கீழே வைக்கவில்லை. கைப்பையில் ஒன்று, அலுவலக மேசை இழுப்பறையில் ஒன்று, காரில் ஒன்று. காரில் இருந்ததுதான் அதிகம் உழைத்தது. குளியலறை விளக்கு எதையும் முழுதாகக் காட்டாது. சூரிய வெளிச்சம்தான் உண்மையைச் சொல்லும். ஹைதராபாத்தின் ஹப்சிகுடா சிக்னலில் வண்டி நின்றதும் கண்ணாடியைச் சற்றுக் கீழே திருப்பி, தாடையைத் தூக்கி, பச்சை விளக்கு விழுவதற்குள் கிடைத்ததைப் பிடுங்குவேன். அலுவலகக் கூட்டங்களில் விரல் தானாகத் தாடைக்குப் போய்விடும், விட்டுப்போன முள் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று. நான் எதையோ ஆழமாக யோசிக்கிறேன் என்று என் மேலாளர் நினைத்துக்கொண்டிருந்தார். ஒருமுறை என் வருடாந்தர மதிப்பீட்டில் அதைப் பாராட்டிக்கூடச் சொன்னார்.

இது யாருக்கும் தெரியாது என்பதுதான் என் வாழ்க்கையின் பெரிய சாதனையாக இருந்தது. உறவினர் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போனால் எல்லாரும் ஒன்றாகப் படுக்கும் வீட்டில் தங்க மாட்டேன். ஏசி இல்லாமல் தூக்கம் வராது என்று சொல்லி லாட்ஜில் அறை எடுத்துக்கொள்வேன். ஹைதராபாத்தில் பிறந்து வளர்ந்தவள், பணக்காரப் பழக்கம் என்று திருநெல்வேலிப் பக்கத்து அத்தைகள் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

இடையில் லேசர் செய்துகொண்டேன். கறுப்பாக, தடித்து நின்றவை போயின. அந்தச் சந்தோஷம் கொஞ்ச நாள் நீடித்தது. பிறகு பார்த்தால் பழுப்பு நிறத்தில், மெல்லிசாக, ஆனால் பிடிவாதமாக ஒரு கூட்டம் அங்கேயே நின்றது. சிலது வெள்ளை வேறு. மறுபடி லேசர் வைக்கச் சொல்லிக் கேட்டபோது அந்தத் தோல் டாக்டரம்மா வேண்டாம் என்றார். லேசர் முடியின் கறுப்பைத்தான் தேடிப் பிடிக்குமாம், கறுப்பு இல்லாத முடி அதன் கண்ணுக்கே தெரியாதாம். மிச்சமிருப்பதற்கு எலக்ட்ரோலிசிஸ்தான் வழி, மெல்லிய ஊசியை முடி முளைக்கும் குழிக்குள் விட்டு, வேரில் மின்சாரம் கொடுத்து, ஒவ்வொன்றாக எடுப்பார்கள் என்றார்.

"அதுக்கப்புறம்?" என்று கேட்டேன்.

"அந்த வேர் செத்துப்போச்சுன்னா அங்க திரும்ப வராது."

எனக்கு உடம்பெல்லாம் குப்பென்று ஒரு பரபரப்பு. எலக்ட்ரோலிசிஸ் என்றால் எனக்குப் பள்ளிக்கூட ஞாபகம். அப்பா குஷாய்குடாவில் உள்ள அரசு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது பேட்டரியில் இரண்டு பென்சில் முனைகளைக் கட்டி, உப்புத் தண்ணீரில் விட்டு, குமிழி குமிழியாகக் கிளம்புவதை எனக்குக் காட்டியிருக்கிறார். அந்தக் குமிழிகளும் என் தாடையும் ஒருநாள் சேரும் என்று யார் கண்டது.

ஹப்சிகுடாவில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது அந்த அறை. அதை நடத்தியவளுக்கு என் வயதுதான் இருக்கும். முதலில் தெலுங்கில் பேசினாள். என் கைப்பேசியில் அம்மா கூப்பிட, நான் தமிழில் இரண்டு வார்த்தை பேசி வைத்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. மௌலா அலியில் அணு எரிபொருள் ஆலைக் குடியிருப்பில் வளர்ந்தவளாம். தாத்தா காலத்திலேயே வேலூரிலிருந்து வந்த குடும்பம். அவளுடைய தமிழில் இந்த ஊர் உருது தாராளமாகக் கலந்திருந்தது, ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ.

"வலிக்குமா?" என்று கேட்டேன்.

"ஹவ், வலிக்கும். பொய் நக்கோ. சுருக்குன்னு ஒரு சூடு. தாங்கலேன்னா கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்."

நாற்காலியைச் சாய்த்தாள். பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கை என் முகத்துக்கு மேல் இழுத்தாள். ஈரத் துணி சுற்றிய ஓர் உலோகத் தண்டை என் கையில் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். மின்சாரம் சுற்றி வர அதுவும் வேண்டுமாம். ஊசி என்று சொன்னாளே தவிர, அது முடியைவிடப் பெரிதாக இல்லை. தோலைக் குத்துகிற ஊசியும் இல்லை. முடி வெளியே வந்த அதே வழியில் அது உள்ளே போனது, எனக்குத் தெரியவே இல்லை. அவள் காலால் ஒரு மிதியை அமுக்கினாள். பச்சைமிளகாய் பட்டாற்போல் ஒரு புள்ளி மட்டும் காந்தியது. நான் பல்லைக் கடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

அடுத்து அவள் பிளக்கரை எடுத்தாள். எத்தனை ஆயிரம் முறை பிடுங்கியிருப்பேன். அந்த வெடுக்கென்ற இழுப்புக்கு என் தாடை தானாக இறுகிக்கொண்டது. இழுப்பே வரவில்லை. எடுத்துவிட்டாளா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே விளக்குக்கு நேராகக் காட்டினாள். ஒரு பழுப்பு முடி, அதன் அடியில் பாகுபோல் ஒரு சின்ன உறை. வேரோடு, எந்தச் சண்டையும் இல்லாமல், சோற்றிலிருந்து கறிவேப்பிலையை எடுப்பதுபோல் எடுத்திருந்தாள்.

"இன்னொண்ணு காட்டுங்க," என்றேன்.

"எல்லாத்தையும் காட்டிக்கிட்டிருந்தா ராத்திரி ஆயிடும் மேடம்," என்றாலும் இன்னும் இரண்டு மூன்று காட்டினாள்.

கீழே இறங்கி வந்தபோது தாடை சிவந்து, லேசாக வீங்கி, எனக்குத் தலைகால் புரியாத குதூகலம். யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும். கைப்பேசியை எடுத்து எண்களைப் புரட்டினேன். கணவர், அம்மா, கல்லூரித் தோழி, அலுவலகத் தோழி. முடி இருந்தது என்றே தெரியாதவர்களிடம் முடி போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? கரும்புச் சாறு கடையில் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தேன். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன்.

அன்று மாலையே கணவரிடம் சொல்லிவிட்டேன். அவர் அதிர்ச்சியடைவார் என்று நினைத்தேன். காரைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் சீட் இடுக்கிலிருந்து பிளக்கரைக் கண்டெடுத்து, நான் தேடாமல் இருக்க அதே இடத்தில் திரும்ப வைத்திருக்கிறாராம், கல்யாணமான முதல் வருடத்திலிருந்து. நீயாகச் சொல்கிறவரை எனக்கு என்ன என்று இருந்துவிட்டேன் என்றார். எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

சிகிச்சைக்கு ஒரு கடுமையான விதி இருந்தது. இடையில் பிடுங்கவே கூடாது. பிடுங்கினால் ஊசி போவதற்கு வழிகாட்ட முடி இருக்காது. தேவைப்பட்டால் கத்தரிக்கலாம், அடுத்த முறை வருவதற்கு முன் சில நாள் அதுவும் கூடாது. பிடுங்காமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய வேதனை. கை துடித்தது. அலுவலகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். வீட்டில் அது முடியாது. அப்பா ஓய்வு பெற்றபோது கட்டிய குஷாய்குடா வீட்டில், கீழே அப்பா அம்மா, மேலே நானும் கணவரும் மகளும்.

மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அம்மாவிடம் மாட்டிக்கொண்டேன். நல்ல வெயில். அம்மா என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஏட்டி, இதென்ன, இங்கன சிவந்து பொறி பொறியா கெடக்கு?"

மறைக்கும் வித்தையெல்லாம் அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. நெஞ்சு முழுக்க அந்தச் செய்திதான் நிறைந்திருந்தது. ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கல்லூரி, சிக்னல், லேசர், ஊசி, வேரோடு வந்த முடி எல்லாம். அம்மா மிச்சத் துணியைக் கொடியில் போட்டாள். வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். பெற்ற பெண்ணுக்குத் தாடி முளைத்திருக்கிறது என்று கேட்டால் எந்த அம்மாவுக்கு எப்படியிருக்கும் என்று என்னையே நொந்துகொண்டேன்.

மறுநாள் காலை, மகள் பள்ளிக்கூடம் போனபிறகு, அம்மா மேலே வந்தாள். வந்ததும் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெளிச்சம் படும்படி தாடையை உயர்த்தினாள்.

"பாரு," என்றாள்.

பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, ஒட்ட வெட்டிய முள்கள். தாடையெங்கும். கழுத்துச் சங்கிலி உரசும் இடமெல்லாம் சிறு சிறு கறுப்பு மருக்கள். நாற்பது வயதை நெருங்கும் நான், பிறந்ததிலிருந்து பார்த்த முகம் அது, இதை ஒருநாளும் கண்டதில்லை.

"எனக்கும் அந்த ஊசி வேலை செய்யுமாட்டி?"

நானும் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அம்மா சொல்ல ஆரம்பித்தாள். நான் பிறந்தபிறகு ஆரம்பித்ததாம். அம்மா எல்லாருக்கும் முன்னால் எழுந்துவிடுவதை எங்கள் குடும்பமே சுறுசுறுப்பு என்று மெச்சும். அவ்வளவும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் நிற்பதற்காகத்தான். போன வருஷம் பித்தப்பை அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தபோது அம்மா முந்தானையால் தாடையை மூடிக்கொண்டே படுத்திருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. குளிர்கிறது போலிருக்கிறது என்று நான் நர்ஸிடம் சொல்லி ஏசியைக் குறைத்துக்கொண்டே இருந்ததைச் சொன்னேன்.

"ஏசி எல்லாம் ஒண்ணுமில்ல," என்றாள் அம்மா. "மறுபடி ஒரு நாள் நெனவில்லாம கெடந்தேன்னு வையி. அன்னைக்கு எனக்கு யாருட்டி பிடுங்கிவிடுவா? டாக்டர், நர்ஸு, வந்து பாக்குத சனம், அம்புட்டு பேரும் பாப்பாவோள்ளா? சாவக்கூடப் பயமில்ல எனக்கு. இதுதான்."

அம்மாவின் கண்ணில் நீர் இருந்தது. என் கண்ணிலும். ஆனால் அடுத்த நிமிடம் நாங்கள் இருவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டோம். ஒரே வீட்டில், கீழ்த்தளத்தில் ஒருத்தி, மேல்தளத்தில் ஒருத்தி, இரண்டு குளியலறையிலும் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அதே நேரத்தில் அதே வேலையைச் செய்திருக்கிறோம். சிரிப்புச் சத்தம் கேட்டு அப்பா கீழிருந்து என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்று ஒரே குரலில் சொன்னோம்.

அந்தச் சனிக்கிழமை அம்மா பட்டுக் கரை போட்ட புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள், ஏதோ விசேஷத்துக்குப் போவதுபோல. ஆனால் அவள் நினைத்தபடி உடனே ஊசி கிடைக்கவில்லை. அந்தப் பெண் சர்க்கரை உண்டா, இதயத்தில் கருவி ஏதும் பொருத்தியிருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை என்று நான்தான் சொன்னேன். பூதக்கண்ணாடியில் கழுத்தை நிதானமாகப் பார்த்தாள். கழுத்தின் பக்கவாட்டில் மற்றவற்றைவிடப் பெரிதாக, கறுத்து இருந்த ஒன்றிடம் வந்து நின்றாள்.

"ஆண்ட்டி, தாடை முடி நான் எடுக்கறேன். சின்ன மருவும் எடுப்பேன். ஆனா இத ஸ்கின் டாக்டர் பாத்து ஒண்ணுமில்லன்னு சொல்லணும். அதுவரைக்கும் கை வைக்க மாட்டேன். சுகரும் கம்மி பண்ணிட்டு வாங்க, இல்லன்னா புண்ணு ஆற நேரமாகும்."

வழியெல்லாம் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் கழித்து வாய் திறந்து கேட்டால் திருப்பி அனுப்புகிறார்களே என்று ஆதங்கம். எனக்கோ வேறு பயம். அந்தக் கறுப்பு மரு வேறு ஏதாவதாக இருந்துவிட்டால்? என் டாக்டரம்மாவிடமே அழைத்துப் போனேன். அவர் ஒரு லென்ஸை வைத்துப் பல கோணங்களில் பார்த்துவிட்டு, இது சாதாரண மருதான், பயப்பட ஒன்றுமில்லை, எடுத்துக்கொள்ளலாம் என்றார். சர்க்கரையை மட்டும் அவரும் விடவில்லை.

அதன்பிறகு எங்கள் வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. அப்பா கெஞ்சியும், டாக்டர் மிரட்டியும் அல்வாவை விடாத அம்மா ஒரேயடியாக விட்டுவிட்டாள். காலையும் மாலையும் காலனியைச் சுற்றி நடந்தாள். மகள் பள்ளியிலிருந்து கொண்டுவந்த பிறந்தநாள் கேக்கைத் தள்ளி வைத்தாள். "அம்மம்மகு ஏமயிந்தி?" என்று மகள் தெலுங்கில் என்னைக் கேட்டாள், அம்மம்மாவுக்கு என்னாச்சு என்று. அவளுக்குத் தமிழ் புரியும், பதில்தான் தமிழில் வராது. அம்மம்மா பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று சொல்லி வைத்தேன்.

சர்க்கரை இறங்கியது. அம்மா நாற்காலியில் சாய்ந்தாள். நான் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டேன். முதல் ஊசிக்கு என் விரல்களை நசுக்கிவிட்டாள். இரண்டாவதற்குப் பிடி தளர்ந்தது. பிறகு கையை விட்டுவிட்டு, நீ போய் வெளியே உட்காரு என்று எனக்கே உத்தரவு போட்டாள், நான் கதவருகிலேயே நின்றேன். முதல் நாள் பழகட்டும் என்று அந்தப் பெண் சீக்கிரமே நிறுத்தப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு எடுத்துரும்மா," என்றாள் அம்மா.

"அடுத்த வாரம் ஆண்ட்டி. தோல் தாங்கணும்ல."

"என் தோலு எம்புட்டோ தாங்கியிருக்கு. எடு நீ."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். இரண்டு எடுத்தாள்.

சனிக்கிழமை என்றால் எங்களுக்கு ஹப்சிகுடா என்று ஆகிவிட்டது. ஒருத்தி நாற்காலியில், ஒருத்தி வெளியே. முடித்துவிட்டு அந்தத் தெருமுனையில் பாசிப்பயறு அரைத்துச் சுட்ட பெசரட்டு சாப்பிடுவோம், இருவரும் சிவந்த தாடையோடு. நிச்சயம் முடிந்த கல்யாணப் பெண்போல அம்மா ஓயாமல் பேசினாள். தன் கல்யாணத்துக்கு முன்பு பஸ்ஸில் அவளைத் தொடர்ந்து வந்த ஒருவனைப் பற்றிக்கூடச் சொன்னாள். முகத்தில் பொருக்கு உதிரும் நாட்களில் சொறியக்கூடாது என்று கைப்பேசியில் ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டோம்.

அப்பாவிடம் எத்தனை நாள் மறைக்க முடியும்? இரண்டு பேரும் வாராவாரம் எங்கேதான் போகிறீர்கள் என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார். அம்மா அப்பளத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். பிறகு நேராகவே சொல்லிவிட்டாள். அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"ஏளா, அது டிசி கரண்டா, ஏசி கரண்டா?" என்றார்.

வாழ்நாள் முழுக்க மறைத்த விஷயத்துக்கு அவருடைய கேள்வி அதுதான். அடுத்த சனிக்கிழமை அவரும் கிளம்பிவிட்டார். அந்தப் பெண் தன் இயந்திரத்தில் இரண்டு வகையும் உண்டு, ஒன்று வேரில் காரத்தை உண்டாக்கிக் கரைக்கும், இன்னொன்று சூட்டில் பொசுக்கும், இரண்டையும் கலந்தும் கொடுக்கலாம் என்று விளக்கினாள். அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மின்னோட்டத்தின் அளவைக் கேட்டார், ஊசி என்ன உலோகம் என்று கேட்டார், மிதியை அமுக்கிப் பார்க்கலாமா என்று கேட்டார். நாற்காலியில் அம்மா படுத்திருக்கிறாள் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

"கைக்கு அங்கிள், எதுக்கு இவ்வளவு கேக்கறீங்க, புது மெஷின் செய்யப் போறீங்களா?" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

நடுவில் ஒரு சோர்வான காலமும் வந்தது. மாதங்கள் போயும் முடி வந்துகொண்டே இருந்தது. நான் ஒருநாள் அந்த நாற்காலியிலேயே அழுதுவிட்டேன், ஏமாந்துவிட்டேன் என்று. இது நான் எடுத்த முடி இல்லை, அப்போது உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது, இப்போதுதான் எழுந்து வருகிறது என்றாள் அவள். தாடையில் உள்ளதெல்லாம் ஒரே நேரத்தில் முளைப்பதில்லையாம். எனக்கு அது சமாதானமாகத் தோன்றவில்லை. ஆனால் அம்மா வெளியே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அடுத்தது நான்தான் என்று காத்திருந்தாள். விட்டுவிட்டுப் போக முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வாரம் ஒருமுறை என்பது மாதம் ஒருமுறை ஆனது. ஒரு மணி நேரம் எடுத்த வேலை ஒரு காபி குடிக்கும் நேரத்தில் முடிந்தது. அம்மாவின் கழுத்து மருக்கள் கருகி உதிர்ந்து, அந்த இடத்தில் தோல் முதலில் வெளிறியும் பிறகு ஒன்றுபோலவும் ஆனது. ஒருநாள் அந்தப் பெண் என் தாடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் தேடிவிட்டு, விளக்கை அணைத்தாள். எடுக்க ஒன்றுமே இல்லையாம். சில மாதங்களில் அம்மாவுக்கும் அதேதான்.

இந்தக் கோடையில் திருநெல்வேலியில் என் பெரியப்பா பேத்திக்குக் கல்யாணம். லாட்ஜில் அறை சொல்லட்டுமா என்று கணவர் கேட்டார். வேண்டாம் என்றேன். கல்யாண வீட்டுக் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்து, அத்தைகளும் சித்திகளும் அக்காக்களும் படுத்திருந்த கூட்டத்தில் அம்மாவும் நானும் இடம் பிடித்தோம். ஹைதராபாத்துக்காரிக்கு ஏசி வேண்டாமாமே என்று ஓர் அத்தை கிண்டல் செய்தாள். மின்விசிறிக் காற்று என் பக்கமே வரவில்லை. அப்படியே தூங்கிப்போனேன்.

யாரோ என் முகத்தைப் பிடித்து ஆட்டியதில்தான் விழிப்பு வந்தது. என் ஒன்றுவிட்ட அக்காவின் பேரன், இப்போதுதான் நடக்கப் பழகியவன், என் தாடையை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மூக்குக்கு நேராக மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். முற்றத்து வெயில் நேராக முகத்தில் அடித்தது. சுற்றிலும் பெண்கள் பூக் கட்டிக்கொண்டும் தலை வாரிக்கொண்டும் இருந்தார்கள். நான் அசையவில்லை. அவன் இஷ்டத்துக்குப் பிடித்துக்கொள்ளட்டும் என்று படுத்திருந்தேன்.

"உங்க அம்மையை எழுப்புட்டி, காப்பி ஆறுது," என்றாள் அத்தை.

திரும்பிப் பார்த்தேன். அம்மா வாயை லேசாகத் திறந்துகொண்டு, முந்தானை ஒரு பக்கம், முகம் ஒரு பக்கமாக, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும் அத்தை என்று சொல்லிவிட்டு, அவள் காப்பியையும் நானே வாங்கிக் குடித்தேன்.